முதுகு தேய்க்கும் எலும்புக்கூடு

போன வாரம் தஞ்சாவூர் வாசகர் ஒருவர், "கடற்பஞ்சு செடியா, பிராணியா?" என்று கேட்டிருந்தார். "பிராணி" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன். தப்பு. பை நிறையக் கடிதம் வந்து விழுந்தது. ஆகவே இந்த வாரம் முழுக்கப் பஞ்சு. அரசியலும் சினிமாவும் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுக்கவும். இரண்டும் எங்கேயும் ஓடிவிடாது. பஞ்சும் ஓடாதுதான், ஆனால் அது முதலில் வரிசையில் நின்றுவிட்டது.

பிராணி என்று அடித்துச் சொல்கிறீர்கள். அது நகராது, கத்தாது, முகம்கூடக் கிடையாது. எதை வைத்துப் பிராணி? (அதே தஞ்சாவூர் வாசகர், சற்றுக் கோபமாக)

எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் காலை 6 மணிக்கு உட்கார்ந்து 11 மணி வரை அசையாத இருவரை எனக்குத் தெரியும். அவர்களைத் தாவரக் கணக்கில் எழுதிவிடலாமா?

செடி தன் சாப்பாட்டை வெயிலில் தானே சமைத்துக்கொள்ளும். பிராணிக்கு அந்தக் கைப்பக்குவம் கிடையாது. இன்னொரு உயிர் சேர்த்துவைத்ததில் கைவைத்தால்தான் பிழைப்பு. பஞ்சு தின்று வாழ்கிறது. செடியின் செல்லைச் சுற்றி மதில் உண்டு, பஞ்சின் செல்லுக்கு இல்லை. விந்தும் முட்டையும் உண்டு. நம் தோலையும் மூட்டையும் இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் புரதம் அதன் உடம்பிலும் உண்டு. ஆதார் அட்டை ஒன்றுதான் பாக்கி.

உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த ஸ்வீடன்காரர் லின்னேயஸே முதலில் இதைத் தாவரங்களோடுதான் வைத்திருந்தார். 1765-இல் ஜான் எல்லிஸ் என்பவர் பஞ்சுக்குள் தண்ணீர் போய் வருவதைக் கவனித்தார். 1820-களில் எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உயிருள்ள பஞ்சை வைத்து, மேல் துளையிலிருந்து தண்ணீர் ஊற்றுப் போலப் பீறிட்டு வருவதைப் பார்த்தார். அதன்பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. அந்தக் கிராண்டிடம்தான் மாணவர் டார்வின் கடலுயிர்ப் பாடம் கற்றார்.

தமிழில் இதற்கு உருப்படியாக ஒரு பெயர் உண்டா? (தமிழாசிரியை, பாளையங்கோட்டை)

பள்ளிப் புத்தகத்தில் இந்தக் கூட்டத்துக்குத் 'துளையுடலிகள்' என்று பெயர். கச்சிதமான பெயர், எவரோ யோசித்து வைத்திருக்கிறார். தனியாகச் சொன்னால் 'கடற்பஞ்சு'. பழைய தமிழ் விவிலியத்தைப் புரட்டிப் பாருங்கள்: சிலுவையில் இருந்தவருக்குக் காடியில் தோய்த்து நீட்டியது 'கடற்காளான்'. ஆக, நம்மவர்களில் ஒருவர் பருத்தி என்றார், ஒருவர் காளான் என்றார். லின்னேயஸ் கேட்டிருந்தால் ஆறுதல் அடைந்திருப்பார்.

பஞ்சு என்றால் எந்தப் பஞ்சு? ஒன்றா, பலவா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

இதுவரை பெயர் வைத்து முடித்தவை 9,000-க்கும் மேல். இந்த வாரக் கதாநாயகன் ஒருவன்தான்: ஸ்பாஞ்சியா அஃபிசினாலிஸ். மத்தியதரைக் கடல்காரன். குளியலறைக்குப் போகிற அசல் ஸ்பாஞ்ச் இவன்தான். மற்றவர்கள் கௌரவத் தோற்றத்தில் வந்து போவார்கள்.

அஃபிசினாலிஸ் என்றால் ஆபீஸ் போகிறவனா? (வங்கி ஊழியர், ஈரோடு)

உங்கள் கேஷ் கவுண்டரில் ரூபாய் எண்ணுவதற்கு விரலை நனைக்க ஈர ஸ்பாஞ்ச் டப்பா வைத்திருப்பீர்களே, அந்த வகையில் ஆபீஸ் போகிறவன்தான். ஆனால் லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'மருந்துக்கடைச் சரக்கு' என்று அர்த்தம். ஐரோப்பாவில் கழுத்துக் கழலைக்குக் கருக்கிய கடற்பஞ்சின் சாம்பலைக் கொடுத்துவந்தார்கள். ஏன் கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1811-இல் பாரிஸில் கூர்த்வா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டெடுத்தார். 1820-இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே, 'பஞ்சுச் சாம்பலில் வேலை செய்ததும் இந்த அயோடின்தானோ?' என்று ஊகித்து, நேரடியாக அயோடினையே கொடுத்துப் பார்த்தார். ஊகம் சரி. பஞ்சின் நாரில் அயோடின் ஏறியிருக்கிறது. இன்று அந்த வேலையை உப்புப் பாக்கெட் செய்கிறது. ஹோமியோபதிக் கடையில் 'ஸ்பாஞ்சியா டோஸ்டா' என்று ஒரு குப்பி பார்த்திருந்தால், அது இவருடைய வறுத்த வாரிசு.

வாய் இல்லை, வயிறு இல்லை என்கிறார்கள். பிறகு எப்படிச் சாப்பிடுகிறது? (சமையல் கலைஞர், மதுரை)

உடம்பு முழுக்க வாய், உடம்பு முழுக்க வயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலுக்கு ஏற்ற வாடிக்கையாளர்.

மேல்தோலில் ஊசி முனையைவிடச் சிறிய துளைகள் ஆயிரக்கணக்கில். அவற்றின் வழியாகக் கடல்நீர் உள்ளே போகும். உள்ளே வாய்க்கால், கிளை வாய்க்கால், அதற்கும் கிளை என்று பிரிந்து, கடைசியில் குட்டிக் குட்டி உருண்டை அறைகளில் முடியும். அறையின் சுவர் முழுக்க ஒரே மாதிரி செல்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சாட்டை; சாட்டையைச் சுற்றி மெல்லிய விரல்கள் நெருக்கமாக நிற்கும் ஒரு காலர். சாட்டை சுழலும், தண்ணீர் நகரும், காலர் இடுக்கில் பாக்டீரியா சிக்கும், செல் அதை அப்படியே விழுங்கும். விழுங்கியதை அருகில் ஊர்ந்து திரியும் இன்னொரு வகைச் செல்லிடம் கைமாற்றும். பந்தியில் பரிமாறுகிறவரைப் போல அந்த செல் உடம்பெங்கும் நடந்து பங்கு வைக்கும். சக்கையும் தண்ணீரும் பெரிய வாய்க்கால்களில் சேர்ந்து, மேலே ஒரு பெரிய துளை வழியாக வெளியே போகும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் தண்ணீரின் வேகம். கல்லணையில் புரண்டு வரும் காவிரி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குள் வரும்போது நடக்கவே சோம்பல்படும் அல்லவா? அதே கணக்குத்தான். பாதை பல லட்சமாகப் பிரிந்துவிடுவதால் அறைக்குள் தண்ணீர் தவழ்கிறது. பாக்டீரியாவைப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. வெளியேறும்போது எல்லாம் ஒரே துளையில் நெருக்கியடிப்பதால், ரப்பர் குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினதுபோல் பீறிடும். ஏன் பீறிட வேண்டும்? கழிவுநீர் தூரமாய்ப் போய் விழ வேண்டும். இல்லையென்றால் தன் எச்சிலைத் தானே திரும்பக் குடிக்க வேண்டும். லியூக்கோனியா என்ற சின்னப் பஞ்சு ஒன்றை அளந்து பார்த்திருக்கிறார்கள். 10 செ.மீ. உயரம், விரல் பருமன். உள்ளே போகும் வாய்க்கால்கள் சுமார் 81,000. அறைகள் 20 லட்சத்துக்கு மேல். உள்ளே நுழையும்போது தண்ணீர் விநாடிக்கு 1 மில்லிமீட்டர் ஊர்கிறது. வெளியேறும்போது 8.5 சென்டிமீட்டர்.

அந்த செல்லின் பெயர் பரீட்சைக்கு வருமா, சார்? (பிளஸ் ஒன் மாணவி, விருதுநகர்)

வரும். கோயனோசைட். எழுத்துப்பிழைக்கு மார்க் போனால் என்னைத் திட்டாதே. உபரித் தகவல்: கடலிலும் குளத்திலும் தனியாகத் திரியும் ஒற்றைச் செல் உயிர் ஒன்று உண்டு. அதுவும் இதே காலர், இதே சாட்டையோடு அச்சடித்தாற்போல் இருக்கும். 1860-களில் ஜேம்ஸ்-கிளார்க் என்ற அமெரிக்கர் இந்தச் சாடையைக் கண்டார். மரபணுவும் பிற்பாடு ஆமாம் போட்டது. பிராணிகள் எல்லோருக்கும் மிக நெருங்கிய ஒற்றைச் செல் பங்காளி அதுதான். உனக்கும் எனக்கும் சேர்த்து.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வடிகட்டும்? (வாட்டர் ப்யூரிஃபையர் விற்பவர், சென்னை)

ஒரு கிலோ பஞ்சு ஒரு நாளில் 24,000 லிட்டர் வரை. உங்கள் ஊர் கணக்கில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு. கரண்ட் பில் கிடையாது, ஃபில்டர் மாற்ற வேண்டியதில்லை. உங்கள் வியாபாரத்துக்கு ஆபத்து இல்லை, கவலை வேண்டாம். கடல்நீரின் உப்பை அது எடுக்காது.

இன்னொரு சிக்கனமும் உண்டு. காற்றடித்தால் புகைபோக்கி தானாகப் புகையை இழுக்கும். அதுபோல, மேலே நீரோட்டம் அடிக்கும்போது பஞ்சின் மேல் துளை உள்ளேயிருக்கும் தண்ணீரைச் சும்மாவே இழுத்துவிடும். சாட்டைக்கு வேலை மிச்சம். இதைச் சோதித்துக் காட்டியவர் ஸ்டீவன் வோகல்.

மூளை இல்லாமல் வாழ முடியுமா? (பெயர் வேண்டாம் என்றவர், திருச்சி)

50 கோடி ஆண்டுக்கு மேலாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. தேர்தலில்கூட நின்றதில்லை.

நீங்கள் நேரில் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா, எல்லாம் படித்ததுதானா? (பத்திரிகை முகவர், கோவில்பட்டி)

குத்தல் புரிகிறது. கடலடியில் பார்த்ததில்லை, எனக்கு நீச்சலே கிணற்றுப்படி வரைதான். ஆனால் கிரீஸ் போய்வந்த தங்கை மகன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். "மாமா, சாக்லேட் உங்களுக்கு ஆகாது, இதை வெச்சுக்கோங்க." தேங்காய் அளவு, தேன் நிறம், கையில் எடுத்தால் எடையே இல்லை. பொரி உருண்டைகூட அதைவிடக் கனம். காய்ந்திருக்கும்போது மொறமொறவென்று இருந்தது. வாளியில் போட்டதும் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் குமிழி விட்டுப் பதமாகிவிட்டது. பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர்.

பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். வலைப்பின்னலாகப் பழுப்பு இழைகள். மெல்லிய இழைகள் சுத்தமாக இருந்தன. அவற்றைத் தாங்கி நிற்கும் தடித்த இழைகளுக்குள் மட்டும் பளிச் பளிச்சென்று ஏதோ. மணல்! சிமென்ட் தூணுக்குள் ஜல்லி போடுவதுபோல், மேலே விழும் மணலையும் ஓட்டுத் துணுக்கையும் எடுத்து இழைக்குள் பொதிந்துகொள்கிறது இந்தப் பஞ்சு. ஓர் ஓரத்துத் துளையில் கடுகளவு சிப்பி ஒன்றும் கிடைத்தது, முழுசாக. வாடகைக்கு இருந்தவர் வீட்டோடு சேர்ந்து கிளம்பி வந்துவிட்டார் போலும்.

நான் பிழிந்தது பஞ்சின் எலும்புக்கூடு. எலும்பு என்பது ஒரு பேச்சுக்கு. உண்மையில் ஸ்பாஞ்சின் என்ற புரத நார். மற்ற பஞ்சுகளில் பெரும்பாலானவை கண்ணாடி ஊசியோ சுண்ணாம்பு ஊசியோ வைத்து உடம்பைக் கட்டும். அவற்றால் முதுகு தேய்த்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இவன் ஊசியே வைக்காமல் வெறும் நாரில் கட்டினான். அந்த மென்மையே அவனுக்கு எமன்.

உயிரோடு இருக்கும்போதும் இதே தேன் நிறமா? (ஓவிய ஆசிரியர், புதுச்சேரி)

இல்லை. கருகிப்போன பன் மாதிரி, கருமையான வழவழத் தோல். அறுத்தால் உள்ளே வெளிர் நிறச் சதை. கிரேக்கத் தீவுக்காரர்கள் படகில் ஏற்றியதும் பஞ்சைத் தளத்தில் குவித்து, வெறுங்காலால் மாவு மிதிப்பதுபோல் மிதிப்பார்கள். வெள்ளையாகக் கூழ் பிதுங்கி வரும். அதற்கு அவர்கள் 'பால்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பால் முழுக்க வடியும்வரை மிதித்து, கயிற்றில் கோத்துக் கடலில் அலசி, மறுபடி மிதித்து... நாற்றத்தைப் பற்றி எழுத முடியாது, இது சாப்பாட்டு நேரத்தில் படிக்கும் பத்திரிகை. அந்தப் பால்தான் பிராணி. நாம் காசு கொடுத்து வாங்குவது காலி வீடு.

நாங்கள் சுத்த சைவம். அசல் ஸ்பாஞ்ச் உபயோகிக்கலாமா? (மயிலாப்பூர் மாமி)

பட்டுப்புடவை கட்டிக்கொண்டா இந்தக் கேள்வியை எழுதினீர்கள்? நரம்பே இல்லாத உயிர், வலி என்று நாம் சொல்வது அதற்கு இருக்க வழி தெரியவில்லை. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை என்றால், கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் இருக்கிறது. தோலை உரித்து விதையை உதறினால் அருமையான நார். எங்கள் பாட்டி அதால் தேய்த்தே எங்கள் நிறத்தில் இரண்டு சுற்று குறைத்திருக்கிறாள்.

பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்சும் கடலில் இருந்து வருகிறதா? (புதுமணத் தம்பதி, ஓசூர்)

ஆலையில் இருந்து. பெட்ரோலிய ரசாயனத்தில் செய்த நுரை, அல்லது மரக்கூழ். பெயரை மட்டும் கடலில் இருந்து கடன் வாங்கியது. உங்களுக்கு நாளை ஒரு குழந்தை பிறந்து டி.வி.யில் சதுர கால்சட்டை போட்ட மஞ்சள் ஸ்பாஞ்ச் கார்ட்டூன் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்: அதைப் படைத்த ஸ்டீபன் ஹில்லன்பர்க் கடலுயிரியல் சொல்லிக்கொடுத்தவர். அசல் பஞ்சு எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரிந்தும், சதுரமாகத்தான் வரைந்தார்.

அவற்றுக்குக் காதல், கல்யாணம் உண்டா? (கேட்கக் கூச்சப்படுபவர், தேனி)

கூச்சப்படாதீர்கள், அவை சந்தித்துக்கொள்வதே இல்லை. ஒரு பஞ்சு விந்தை மேல் துளை வழியாகக் கடலில் விடும். சில இனங்களில் இது வெண்புகை எழுவதுபோல் தெரியும். மூழ்கிப் பார்த்தவர்கள் 'பஞ்சு புகைக்கிறது' என்பார்கள். தண்ணீரோடு தண்ணீராக அது பக்கத்துப் பஞ்சுக்குள் போகும். அங்கே சாப்பாடு பிடிக்கக் காத்திருக்கிறதே, காலர் செல், அதுதான் விந்தையும் பிடிக்கும். ஆனால் இந்த ஒன்றை மட்டும் ஜீரணிக்காது. தன் காலரையும் சாட்டையையும் கழற்றிப்போட்டுவிட்டு, விந்தைச் சுமந்துகொண்டு முட்டை இருக்கும் இடம் வரை ஊர்ந்து போய் ஒப்படைக்கும். சமையற்காரரே மாப்பிள்ளையை மணமேடைக்குத் தூக்கிப் போகிற கல்யாணம்.

குளியல் பஞ்சு முட்டையைத் தாய்வயிற்றிலேயே, சரி, தாய் உடம்பிலேயே வளர்க்கும். கோடையில் லார்வா வெளியே வரும். மேலெல்லாம் நுண்மயிர் துடுப்பு, நீந்தத் தெரியும். அதன் வாழ்நாளில் ஊர்சுற்றும் காலம் அதுதான், ஒன்றிரண்டு நாள். பிறகு ஒரு பாறையைப் பார்த்து முட்டிக்கொண்டு ஒட்டும். அதன்பின் எல்லாம் குடும்பஸ்தன் வாழ்க்கை.

வெட்டிப் போட்டால் திரும்ப வளருமாமே? (விவசாயி, தர்மபுரி)

வளரும். அடியில் கொஞ்சம் விட்டு அறுத்தால் மிச்சம் தழைக்கும், மறுதாம்புக் கரும்பு மாதிரி. துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் அது தனிப் பஞ்சாகும். 1860-களிலேயே ஆஸ்கர் ஷ்மித் என்பவர் ஏட்ரியாட்டிக் கடலில் இப்படிப் பயிர்செய்து பார்த்தார். இன்று சான்சிபார் தீவில் ஜாம்பியானி கிராமத்துப் பெண்கள் கடலுக்குள் கயிறு கட்டிப் பஞ்சு வளர்க்கிறார்கள். உரம் வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். கேட்கவே உங்களுக்குப் பொறாமையாக இருக்கும்.

துண்டு போடுவது இருக்கட்டும். அரைத்தே விட்டால்? (மிக்ஸி பழுதுபார்ப்பவர், கோவை)

மிக்ஸியில் போடாதீர்கள். துணியில் வடிகட்டுங்கள். 1907-இல் எச். வி. வில்சன் என்ற அமெரிக்கர் அதைத்தான் செய்தார். வட கரோலினாக் கடற்கரையில் கிடைக்கும் சிவப்புப் பஞ்சு ஒன்றை எடுத்து, மாவு சலிக்கிற மெல்லிய பட்டுத்துணியில் வைத்துத் தண்ணீருக்குள் பிழிந்தார். துணியைத் தாண்டி வந்தது சிவப்புக் கலங்கல், தனித்தனிச் செல்கள். தட்டின் அடியில் படிந்த செல்கள் மெல்ல ஊர ஆரம்பித்தன. இரண்டு சேர்ந்தது, நாலு சேர்ந்தது, உருண்டையானது. உருண்டைகள் ஒட்டிப் படலமாயின. சில நாள் போனதும் அதில் வாய்க்கால் விழுந்தது, அறை முளைத்தது, தண்ணீர் ஓடியது. பிழிந்தது பஞ்சு, எழுந்ததும் பஞ்சு. பின்னால் வந்தவர்கள் இரண்டு நிறத்துப் பஞ்சு இனங்களைப் பிழிந்து ஒரே தட்டில் கலந்து பார்த்தார்கள். செல்கள் ஊர்ந்து, இனம் இனமாகப் பிரிந்து, தத்தம் ஆட்களோடு போய்ச் சேர்ந்துகொண்டன.

முன்பு ஒருமுறை இதை ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது பக்கத்து இலைக்காரர், "பாகப்பிரிவினை ஆன எங்க வீட்டை இப்படி ஒட்டவைக்க முடியுமா?" என்றார். அதற்கு நம் செல்லும் அவ்வளவு இளகின மனசோடு இருக்க வேண்டும். பஞ்சின் காலர் செல் தேவைப்பட்டால் ஊரும் செல்லாகும், ஊரும் செல் வேறெதுவாகவும் ஆகும். நம் ஈரல் செல்லைப் பிடுங்கி மூளை வேலை பார் என்றால் பார்க்காது.

தொட்டால் தெரியுமா அதற்கு? (தொட்டாற்சிணுங்கி வளர்ப்பவர், ஏற்காடு)

2,300 வருஷத்துக்கு முன்பே அரிஸ்டாட்டில் இந்த வழக்கை விசாரித்திருக்கிறார். பறிக்க வருவது தெரிந்தால் பஞ்சு சுருங்கிப் பாறையை இறுக்கிக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள், டொரோனி ஊர்க்காரர்கள் இதை நம்புவதில்லை என்று இரு தரப்பையும் எழுதி வைத்தார். இரு தரப்புக்கும் பாதி வெற்றி. பஞ்சு சுருங்கும், ஆனால் முக்குளிக்கிறவர் கையைத் தோற்கடிக்கிற வேகத்தில் இல்லை. ஸ்டுட்கார்ட் நகரத்து வில்ஹெல்மா மிருகக்காட்சிசாலையின் மீன்தொட்டியில் கண்டுபிடித்த ஒரு குட்டிப் பஞ்சு, உருண்டையாக இருந்துகொண்டு தாளம் தவறாமல் சுருங்கி விரிகிறது. அதற்கு அந்த மிருகக்காட்சிசாலையின் பெயரையே வைத்துவிட்டார்கள். நரம்பு இல்லை, தசை இல்லை. செல்லுக்குச் செல் ரசாயனச் சேதி அனுப்பியே காரியம் நடக்கிறது.

தூசு போனால் தும்முமா? (ஆஸ்துமாக்காரர், ஊட்டி)

தும்மும்! கரீபியன் கடலில் குழாய் வடிவப் பஞ்சு ஒன்றைக் கேமரா வைத்துப் பார்த்து 2022-இல் எழுதினார்கள். உள்ளே போகும் துளைகளில் தூசு அடைத்தால், சளி சுரந்து, தண்ணீர் வரும் திசைக்கு எதிராகவே அதைத் தோலுக்குத் தள்ளும். அங்கே சளி நூலாகத் திரண்டு சேரும். பிறகு உடம்பைச் சுருக்கி உதறும். ஒரு தும்மலுக்கு அரைமணி நேரம். உங்கள் தும்மலுக்கு ஆட்கள் ஓடுவார்கள். பஞ்சின் சளியைத் தின்னவோ அங்கே சின்னப் பிராணிகள் வரிசையில் நிற்கின்றன.

யார் போய் எடுத்து வந்தார்கள் இவற்றை? (மீனவர், தூத்துக்குடி)

உங்களைப் போன்றவர்கள். ஈஜியன் கடலில் காலிம்னோஸ், சிமி என்று சில தீவுகள். பாறையும் ஆடும் தவிர ஒன்றும் இல்லாத மண். ஆண்கள் பஞ்சுக்குக் குளிக்கப் போனார்கள். உடம்பில் துணி இல்லை, கையில் ஒரு தட்டைக் கல், அதில் கட்டின கயிறு. கல்லைப் பிடித்துத் தலைகீழாகப் பாய்ந்தால் கல் இழுத்துக்கொண்டு போகும். பறித்து முடித்ததும் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுப்பார். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கையாண்டதும் கல்லும் கயிறும்தான். அங்கே கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உங்கள் பக்கம் உண்டே. அக்கா தாலிக்கு அவனைவிடக் காவல் யார்?

1860-களில் அந்தத் தீவுகளுக்குச் செம்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் வைத்த முழு உடுப்பு வந்தது. ஊரே கொண்டாடியது. மூச்சு பிடிக்க வேண்டாம், மணிக்கணக்கில் அடியில் நடக்கலாம். ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சு வாங்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. விறுவிறுவென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் அது உடம்புக்குள் குமிழியாகிறது. இது யாருக்கும் அப்போது தெரியாது. வசந்தத்தில் போன படகு இலையுதிர் காலத்தில் திரும்பும்போது பிணமாகச் சிலர், கால் விழுந்து சிலர். காலிம்னோஸில் இன்றும் ஒரு நடனம் உண்டு: வரிசையாக ஆடும் இளைஞர்களில் முதல்வன் கைத்தடி ஊன்றி, நடுங்கும் காலோடு, ஆட முயன்று ஆட முடியாமல் ஆடுவான்.

1900-இல் சிமித் தீவுக்காரர்களின் படகு ஒன்று புயலில் ஒதுங்கியது ஆன்டிகித்திரா தீவோரம். சும்மா நிற்பானேன் என்று குளித்தவர் அலறிக்கொண்டு மேலே வந்தார்: கீழே மனுஷனும் குதிரையுமாகப் பிணக்குவியல்! கேப்டன் கோண்டோஸ் தானே இறங்கிப் பார்த்து, ஒரு வெண்கலக் கையோடு வந்தார். சிலைகள். ரோமானியர் காலத்தில் மூழ்கிய கப்பல். அதிலிருந்துதான் பல்சக்கரங்களால் வானத்தைக் கணக்கிட்ட அந்தப் புகழ்பெற்ற யந்திரமும் வந்தது. அந்த வேலையில் முக்குளிப்பவர் ஒருவர் இறந்தார், இருவருக்குக் கைகால் விழுந்தது.

எங்கள் பூஜைச் சங்கில் பொடிப்பொடியாய் ஓட்டை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (குடும்பத் தலைவி, ராமநாதபுரம்)

அவர் மேல் பழி போடாதீர்கள். கிளையோனா என்ற துளைபோடும் பஞ்சின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். ஓட்டுக்குள் குடியிருக்க இடம் வேண்டி, செல்லிலிருந்து அமிலம் கசியவிட்டு, சுண்ணாம்பில் வட்டமாகக் கோடு கிழித்து, நடுவில் இருக்கும் சில்லைப் பெயர்த்து வெளியே தள்ளும். முழுவதையும் கரைத்தால் செலவு அதிகம். ஓரத்தை மட்டும் கரைத்தால் போதும் என்பது அதன் கொத்தனார் புத்தி. மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிகளுக்கும் இதனால் பெரும் தொல்லை. 1902-இல் இலங்கை முத்துப்படுகைகளை ஆராய ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் வந்தார். அவர் சேகரித்த பஞ்சுகளை மட்டுமே வைத்து ஆர்தர் டெண்டி 1905-இல் தனி அறிக்கை எழுதினார். சங்கு ஊதினால் சத்தம் வருகிறதா? வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட முடியாத உயிரை எல்லோரும் தின்றுவிட மாட்டார்களா? (கராத்தே மாஸ்டர், வேலூர்)

கராத்தே தெரியாது, ரசாயனம் தெரியும். கசப்பு, நஞ்சு, நாற்றம் என்று பஞ்சுக்குப் பஞ்சு ஒரு சரக்கு. சில இனங்களின் உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்டீரியாக் குடித்தனம். சரக்கில் ஒரு பகுதி அவர்கள் காய்ச்சுவது. அழுங்காமை மட்டும் கண்ணாடி ஊசியோடு சேர்த்தே தின்றுவிடும். அதன் வயிறு என்ன வயிறோ. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் சில டால்ஃபின்கள் மணலைக் கிளறும்போது மூக்கு கிழியாமல் இருக்கப் பஞ்சைப் பிய்த்து மாட்டிக்கொள்கின்றன. இந்த வித்தை அம்மா சொல்லிக்கொடுத்து வருகிறது.

அந்த ரசாயனத்தால் நமக்கு லாபம் உண்டா? (மருந்துப் பிரதிநிதி, சேலம்)

உங்கள் பையிலேயே இருக்கலாம். 1945-இல் ஃபுளோரிடா கடலில் வெர்னர் பெர்க்மன் எடுத்த ஒரு பஞ்சில் விசித்திரமான சர்க்கரை ஒட்டிய மூலக்கூறுகள் கிடைத்தன. மரபணு எழுத்து மாதிரியே வேஷம். ஆனால் எழுத விடாது. அந்த யோசனையில் செய்த சைட்டரபின் 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தப் புற்றுக்கு இன்றும் முதல் வரிசை மருந்து. ஜப்பானியக் கடற்பஞ்சின் சரக்கைப் பார்த்துச் செய்த எரிபுலின் 2010-இல் மார்பகப் புற்றுக்கு வந்தது.

எவ்வளவு நாள் வாழும்? (ஆயுள் காப்பீட்டு முகவர், கும்பகோணம்)

பாலிசி போட்டுவிடாதீர்கள், பிரீமியம் கட்டி மாளாது. ஆழ்கடலில் மோனோராஃபிஸ் என்ற கண்ணாடிப் பஞ்சு 3 மீட்டர் நீளம் வரை ஒற்றை ஊசி வளர்த்து அதில் நிற்கிறது. ஒன்றின் வயது சுமார் 11,000 ஆண்டு என்று கணக்கிட்டார்கள். கீழடியில் முதல் செங்கல் அடுக்கியபோது அதற்கு நடுவயது தாண்டியிருக்கும்.

நம் குளியல் பஞ்சுக்கு அந்த யோகம் இல்லை. 1986-இலிருந்து மத்தியதரைக் கடலில் ஒரு தொற்று பரவி, நார் அழுகி, கையில் எடுத்தால் உதிர்ந்தது. 1938-39-இல் கரீபியனிலும் இப்படி ஒன்று வந்து பஹாமாஸ் வியாபாரத்தையே படுக்கவைத்தது. 1999, 2003 கோடைகளில் மத்தியதரைக் கடல் கொதித்தபோது பஞ்சுகள் கொத்தாகச் செத்தன. அறுத்ததில் குறைந்ததுபோக மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்கிறது. குளிர்ச்சி தேடி நகரலாம் என்றால், அதுதான் அந்த ஒன்றிரண்டு நாள் லார்வா காலத்தோடு முடிந்துபோனதே.

உங்கள் தங்கை மகன் கொடுத்த ஸ்பாஞ்ச் இப்போது எங்கே? (பலர்)

ஒரு மாதம் என் மேஜையில் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் மணல் ஜல்லியைக் காட்டினேன். பிறகு காணோம். விசாரித்ததில், வீட்டு வேலைக்கு வரும் அம்மா எடுத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எப்படி இருக்கிறது என்றேன். "டம்ளருக்குப் பரவால்ல. அடிப்பிடிச்ச பால் சட்டிக்கெல்லாம் தேங்கா நாருதான்."